ஆபரேஷன் முடிந்த நோயாளியிடம் பாதுகாப்பு பற்றிக் கேட்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் “எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?” என்று கேட்டால், “எல்லாரும் நல்லா பார்த்துக்கிட்டாங்க” என்று கும்பிடுவார். அதே ஆளிடம் “தியேட்டரில் படுக்க வைத்ததும் முதலில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் எங்கேயும் இல்லாத விவரம் வரும். இரண்டாவது வகைக் கேள்வியை யார், எப்போது, எப்படிக் கேட்பது, கிடைத்த பதிலை வைத்து என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

தமிழ்நாட்டில் 50 முதல் 300 படுக்கை வரை உள்ள மருத்துவமனையை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. தரப்பிரிவில் இருப்பவர், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், மருத்துவ சமூகப் பணியாளர், நர்சிங் முதுகலை மாணவர் ஆகியோருக்குப் பயன்படும். பெரிய செலவு கிடையாது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, ஒரு தொலைபேசி இருந்தால் போதும்.

1. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பிரியுங்கள்

பெரும்பாலான மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஒரு கருத்துப் படிவம் இருக்கும். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்கும், அரசு மருத்துவமனைகளின் தேசியத் தரச் சான்றுக்கும் நோயாளியின் கருத்து கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் அந்தப் படிவம் சாப்பாடு, சுத்தம், ஊழியர் நடத்தை என்று போய்விடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே “பாதுகாப்பாக உணர்ந்தீர்களா?” என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த வரிக்கு எல்லோரும் “ஆம்” என்பார்கள். அதை வைத்து எதையும் மாற்ற முடியாது.

நோயாளி கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சொல்லக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி சரியாகச் சுத்திகரிக்கப்பட்டதா என்பது அவருக்குத் தெரியாது, கேட்காதீர்கள். பெயரை எப்படிச் சரிபார்த்தார்கள், எந்தப் பக்கம் என்று குறியிட்டார்களா, ஒவ்வாமை பற்றிக் கேட்டார்களா, கையெழுத்து எப்போது வாங்கினார்கள், வலி என்று கூப்பிட்டபோது யார் வந்தார்கள், வீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொன்னார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று கட்டங்கள்: மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலில் கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன். முதல் கட்டத்தில் நோயாளி விழித்திருக்கிறார்; பெயர், உடம்பில் ஆபரேஷன் செய்யும் இடம், சிகிச்சை, சம்மதம் ஆகியவற்றை அவர் வாயாலேயே உறுதிசெய்ய வேண்டும்.

பலர் மறந்துபோகும் ஒன்று உண்டு. சிசேரியன், ஹெர்னியா, கால் எலும்பு ஆபரேஷன் எனப் பெரும்பகுதி முதுகு ஊசியில் நடக்கிறது. அந்த நோயாளி மூன்று கட்டத்திலும் விழித்துத்தான் கிடக்கிறார். பச்சைத் துணிக்குப் பின்னால் பஞ்சு எண்ணுவது, “ஒண்ணு குறையுதே” என்பது, நடுவில் யாரோ போனில் பேசுவது எல்லாம் அவர் காதில் விழுகிறது. தியேட்டருக்குள் என்ன நடந்தது என்று சொல்ல, குழுவைச் சேராத ஒரே சாட்சி அவர்தான்.

2. முதல் பேட்டிக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சம்மதம். தலைமை அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், நர்சிங் கண்காணிப்பாளர் மூவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். “தனி ஆளைக் குறை சொல்லும் அறிக்கை வராது, யார் பெயரும் இருக்காது” என்று எழுதிக் கொடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால், முதல் கசப்பான பதில் வந்த அன்றே வேலை நின்றுபோகும்.

இது மருத்துவமனைக்குள் தரம் உயர்த்தும் வேலையா, ஆய்வா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பிறகு கட்டுரையாக வெளியிடும் எண்ணம் சிறிதாவது இருந்தால், நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்குங்கள். பேட்டிகளை எடுத்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்க முடியாது. ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்து, அடையாளம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் தனியாக, வேறொருவர் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பதில் தாளில் பெயர், படுக்கை எண், ஐ.பி. (உள்நோயாளி) எண் எதுவும் கூடாது. படுக்கை எண்ணும் தேதியும் சேர்ந்தால் ஆள் யார் என்று வார்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, அவசரத் தகவல் தாள். பேட்டியில் ஆபத்தான செய்தி வந்தால் பகலில் யாரைக் கூப்பிடுவது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு எண்கள். இது இல்லாமல் ஒரு பேட்டிகூட எடுக்காதீர்கள். காரணம் 7ஆம் பகுதியில்.

3. யார் கேட்பது

சிகிச்சை கொடுத்தவர் கேட்கக் கூடாது. அதே வார்டில் ஊசி போடும் சிஸ்டர் கேட்டால், இன்று ராத்திரியும் அவரிடம்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நோயாளி நினைப்பார். சமூகப் பணியாளர், வேறு துறை செவிலியர், நோயாளி ஆலோசகர் ஆகியோர் பொருத்தமானவர்கள். வெள்ளைக் கோட்டும் சீருடையும் வேண்டாம். அடையாள அட்டை மட்டும் போதும்.

தனி ஆளுக்கு வழியில்லாத சிறு மருத்துவமனைகள் இரண்டு வார்டுகளின் செவிலியரை மாற்றிக்கொள்ளலாம். ஆண்கள் வார்டு சிஸ்டர் மகப்பேறு வார்டில் கேட்பார், மகப்பேறு வார்டு சிஸ்டர் ஆண்கள் வார்டில் கேட்பார். முழுமையான தீர்வு இல்லைதான், ஆனாலும் பதில்களில் நல்ல வித்தியாசம் தெரியும்.

கேட்பவருக்கு ஒரே ஒரு பயிற்சி முக்கியம்: மருத்துவமனைக்காக வாதாடாமல் இருப்பது. “தண்ணி கேட்டேன், தரவே இல்ல” என்று நோயாளி சொன்னதும், “அது புரை ஏறிடும்னுதான்மா” என்று விளக்கத் தொடங்குவது நல்ல செவிலியரின் இயல்பு. விளக்கம் சரிதான், ஆனால் அந்த நொடியோடு நோயாளி வாயை மூடிக்கொள்வார். விளக்க வேண்டியதைக் குறித்துவைத்து, பேட்டி முடிந்ததும் சொல்லுங்கள்.

4. எப்போது, எங்கே

இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை, ஆபரேஷன் ஆன இரண்டாம் நாளிலிருந்து வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் வரை. இரண்டாம் முறை, வீட்டுக்குப் போன 10 முதல் 14 நாளுக்குள் தொலைபேசியில்.

முதல் 24 மணி நேரத்தில் வலி மருந்தின் மயக்கம் இருக்கும். கேள்வி கேட்பது அவருக்குத் தொந்தரவு, பதிலும் குழப்பமாக வரும். டிஸ்சார்ஜ் நாளன்று பில், காப்பீட்டுத் தாள், ஆட்டோ என்று மனம் அலைபாயும். அதைவிட, ‘டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வர வேண்டுமே’ என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் புகழ்வார். பில் கவுன்டரில் வைத்து நிரப்பிய படிவங்களை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

தொலைபேசிப் பேட்டியைத் தவிர்க்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் மாத்திரைக் குழப்பம், காயத்தில் கசிவு, யாரைக் கூப்பிடுவது என்ற தவிப்பு எல்லாம் தெரியவரும். பயமும் குறைந்திருக்கும். அமெரிக்காவில் மருத்துவமனை நோயாளிகளிடம் நடத்தும் தேசியக் கணக்கெடுப்பும் டிஸ்சார்ஜ் ஆன 48 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் ஆன ஆறு வாரத்துக்குள் முதல் தொடர்பைத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று வார்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போன் மகனிடமோ கணவரிடமோ இருந்தால், அவர் எப்போது வீட்டில் இருப்பார் என்றும் கேளுங்கள்.

இடம்: திரைச்சீலை காதுக்கு மறைப்பு ஆகாது. நடக்க முடிந்தவரை அறைக்கு அழைத்துவாருங்கள். முடியாதவரிடம், பக்கத்துப் படுக்கைக்காரர் ஸ்கேனுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ரவுண்ட்ஸ் இல்லாதபோது கேளுங்கள். மதியம் 2 முதல் 4 பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

5. யாரிடம் கேட்பது

சிரித்த முகமாக இருப்பவரையும் படித்தவரையும் மட்டும் தேர்ந்தெடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஆபரேஷன் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு மூன்றாவது பெயர் என்று குறியுங்கள். பிறகு மூன்று கூட்டத்தார் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள்: இரவில் அவசரமாகச் சேர்ந்தவர்கள், கூட யாரும் இல்லாதவர்கள், தமிழ் தெரியாதவர்கள். இல்லையென்றால் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தி, ஒடியா, வங்காளி பேசும் தொழிலாளர்களிடம் கேட்கும்போது அவருடைய மேஸ்திரியையோ கம்பெனி சூப்பர்வைசரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். காயம் வேலையிடத்தில் பட்டிருக்கலாம். சிகிச்சைக்குச் சம்மதம் சொன்னதே அந்த சூப்பர்வைசராக இருக்கலாம். மருத்துவமனையில் மொழி தெரிந்த வேறொரு ஊழியரைத் தேடுங்கள், அல்லது தொலைபேசியில் ஒருவரை இணைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர்? விரிவான பேட்டிக்கு ஒரே வகை வார்டில் 15 முதல் 20 பேர் வரை போய்ப் பாருங்கள்; புதிதாக எதுவும் வராமல் அதே விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்தலாம். சதவீதம் சொல்ல வேண்டுமென்றால் இது போதாது. அதற்கான கணக்கு 8ஆம் பகுதியில் வருகிறது.

கூட இருப்பவரையும் விடாதீர்கள், ஆனால் தனியாகக் கேளுங்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன அம்மாவிடம் கேட்டால் கணவர் பதில் சொல்வார். சிசேரியன் ஆன பெண்ணிடம் கேட்டால் மாமியார் சொல்வார். சாக்குச் சொல்லி வெளியே அனுப்ப வேண்டாம். “அவங்ககிட்ட தனியா சில கேள்வி இருக்கு, அப்புறம் உங்ககிட்டயும் தனியா கேட்கணும்” என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தியேட்டர் வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

6. கேள்விகள்

“திருப்தியா?”, “விளக்கமாகவும் மரியாதையாகவும் பேசினார்களா?” போன்றவை வேண்டாம். இரண்டாவதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கமாகப் பேசி, மரியாதையில்லாமல் நடந்திருந்தால் அவர் என்ன பதில் சொல்வார்? நடந்ததைக் கேளுங்கள். பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்துக்கொண்டு அப்படியே கேளுங்கள். கீழே உள்ள பன்னிரண்டும் 15 முதல் 20 நிமிடத்தில் முடியும்.

1. என்ன ஆபரேஷன், எதுக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க? அவங்க சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க.
2. சம்மதக் கையெழுத்து யார் போட்டது? எந்த இடத்துல, எந்த நேரத்துல?
3. வீட்டுல சாப்பிடுற மாத்திரையில எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்னு சொன்னாங்களா? யார் சொன்னாங்க?
4. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? எப்ப தண்ணி குடிச்சீங்க? தியேட்டருக்குள்ள எப்ப போனீங்க?
5. ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு கேட்டாங்களா? யார் யார் கேட்டாங்க?
6. எந்தப் பக்கம்னு உடம்புல மார்க் போட்டாங்களா? தியேட்டருக்குப் போறப்பவும் அது இருந்துச்சா?
7. தியேட்டர்ல படுக்க வச்சதும் உங்க பேரை எப்படிக் கேட்டாங்க?
8. மயக்கம் வர்றதுக்கு முன்னாடி கடைசியா ஞாபகம் இருக்கறது என்ன? முழிச்சதும் முதல்ல ஞாபகம் இருக்கறது என்ன? நடுவுல ஏதாவது?
9. வலிக்குதுன்னோ வேற எதுக்கோ ராத்திரியில கூப்பிட்டீங்களா? யார் வந்தாங்க, எவ்வளவு நேரத்துல?
10. ‘இது சரியில்லையே’ன்னு தோணியும் சொல்லாம விட்டது ஏதாவது உண்டா?
11. வீட்டுக்குப் போனதும் என்னென்ன வந்தா உடனே வருவீங்க? யாருக்குப் போன் பண்ணுவீங்க?
12. இதே ஆபரேஷனுக்கு உங்க சொந்தக்காரர் ஒருத்தர் நாளைக்கு இங்க வந்து சேர்றார்னா, எதையெல்லாம் பார்த்துக்கச் சொல்லுவீங்க?

சில கேள்விகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

2ஆம் கேள்வியில் நேரமும் இடமும்தான் முக்கியம். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி போட்ட கையெழுத்து சட்டப்படி தாளில் இருக்கும். புரிந்துகொண்டு போட்டாரா என்பது வேறு. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவருக்குப் பதிலாகக் கணவரோ மகனோ மட்டும் போட்டிருந்தால் அதையும் குறியுங்கள். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம், உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவமனை நிர்வாகத்துக்கு இந்தக் கேள்வியின் கனத்தை விளக்க அது உதவும்.

4ஆம் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். பொதுவான வழிகாட்டு முறைப்படி, லேசான உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். குடல் அசைவு குறைந்தவர்கள் போன்ற சிலருக்கு மருத்துவர் கூடுதல் நேரம் சொல்வார். ஆனால் வார்டில் எல்லோருக்கும் “ராத்திரி 12 மணிக்கு மேல பச்சத்தண்ணிகூட கூடாது” என்றுதான் சொல்லப்படுகிறது. பிற்பகல் 2 மணிக்கு ஆபரேஷன் என்றால் 14 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் ஒரு சர்க்கரை நோயாளி காய்ந்து கிடந்திருப்பார். அவர் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார், முறையே அதுதான் என்று நம்புவார். நேரத்தைக் கேட்டால்தான் வெளியே வரும்.

8ஆம் கேள்வி, மயக்க மருந்துத் துறையில் பிரைஸ் கேள்விகள் என்று வழங்கும் தொகுப்பின் சுருக்கம். முழு மயக்கத்தில் இருந்தபோதும் பேச்சோ வலியோ நினைவிருக்கிறது என்று மிகச் சிலர் சொல்வார்கள். “உங்களுக்கு நடுவில் முழிப்பு வந்ததா?” என்று நேரடியாகக் கேட்டால் பயம் வரும், இல்லாததும் நினைவுக்கு வரும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிலருக்கு அந்த நினைவு சில நாள் கழித்தே வருவதால், தொலைபேசியிலும் ஒருமுறை கேளுங்கள். முதுகு ஊசி போட்டவரிடம் இதற்குப் பதிலாக, “உள்ள இருந்தப்ப என்னென்ன காதுல விழுந்துச்சு?” என்று கேளுங்கள்.

விடைகளுக்கு ஐந்து நட்சத்திரம், ஒன்று முதல் பத்து என்றெல்லாம் வேண்டாம். “ஆம், இல்லை, ஞாபகம் இல்லை, எனக்குப் பொருந்தாது” என்ற நான்கு கட்டம், கீழே அவர் சொன்னதை எழுத இடம். ‘ஞாபகம் இல்லை’ கட்டாயம் வேண்டும். மிடசோலம் போன்ற, மனதை அமைதிப்படுத்தும் ஊசி போட்ட பிறகு நடந்தது பலருக்கு நினைவில் நிற்காது. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் அதெல்லாம் ‘இல்லை’யில் விழுந்து, குழுவின் மேல் வீண்பழி வரும். மயக்க மருந்துத் தாளில் அந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளை ஐந்தாறு நோயாளிகளிடம் முன்னோட்டம் பாருங்கள். கேட்டுவிட்டு, “நான் என்ன கேட்டேன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். ‘பாதுகாப்பு’ என்றால் வாட்ச்மேன், செல்போன் திருட்டு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால்தான் மேலே உள்ள பன்னிரண்டிலும் அந்தச் சொல் இல்லை.

7. பேட்டியை நடத்துவது

முதல் இரண்டு நிமிடத்தில் மூன்று விஷயம் சொல்லுங்கள். பதில் தாளில் பெயர் எழுத மாட்டோம். பதில் சொல்லாவிட்டாலும், குறை சொன்னாலும் சிகிச்சையோ ரிவ்யூவோ மாறாது. வேண்டாம் என்றால் எந்தக் கேள்வியிலும் நிறுத்தலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் ஆனவர்களிடம் கூடுதலாக, இதற்கும் காப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லுங்கள். “காசில்லாம பண்ணிவிட்டாங்க, குறை சொல்லலாமா?” என்ற தயக்கம் அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. குறை சொல்வது நன்றிகெட்டதனம் ஆகாது என்பதை வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும்.

அம்மா, ஐயா, அக்கா, அண்ணா என்று வயதுக்கேற்றபடி கூப்பிடுங்கள். நின்றுகொண்டு கேட்காமல், அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். பிறகு பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“எல்லாம் நல்லா பார்த்துக்கிட்டாங்கம்மா.”

“நல்லதும்மா. தியேட்டர்ல உங்களைப் படுக்க வச்சாங்கல்ல, அங்க முதல்ல பேசினது யாரு?”

“ஒரு சிஸ்டர்.”

“என்ன கேட்டாங்க?”

“பேரு கேட்டாங்க. கேட்டாங்கன்னா, அவங்களே தாளைப் பார்த்து ‘லட்சுமிதானே’ன்னாங்க. நான் ஆமான்னேன்.”

நிறுத்திக் குறிக்க வேண்டிய இடம் இது. இதே அம்மா திருப்திப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார். பாதுகாப்புப் பட்டியலிலும் ‘அடையாளம் உறுதிசெய்யப்பட்டது’ என்று டிக் இருக்கும். ஆனால் பெயரைத் தாங்களே சொல்லி ‘ஆமாவா?’ என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. காது மந்தமானவரும், பயத்தில் உறைந்திருப்பவரும், ஊசி மயக்கத்தில் இருப்பவரும் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாள் பட்டியலில் இருப்பது நம் ஊரில் அபூர்வமும் இல்லை. “உங்க பேரு என்ன, அப்பா அல்லது வீட்டுக்காரர் பேரு என்ன, என்ன ஆபரேஷனுக்கு வந்திருக்கீங்க?” என்று அவரையே சொல்ல வைப்பதுதான் முறை.

அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். “அடையாளச் சரிபார்ப்பு முறையாக நடக்கவில்லை” என்று மொழிபெயர்த்து எழுதினால், பிறகு கூட்டத்தில் யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். பெரியவர்கள் பலர் போனை நீட்டியதும் மேடைப்பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள். அவர்களிடம் பேனாவே மேல்.

10ஆம் கேள்விக்கு முன் கொஞ்சம் அமைதி விடுங்கள். பதில் உடனே வராது. ஐந்தாறு நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல் கேட்பவர் அடுத்த கேள்விக்குத் தாவுவதால்தான் பெரும்பாலும் இந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. “கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு விட்டுட்டேன்” என்பது அடிக்கடி வரும் பதில். யார், எந்தக் கட்டத்தில் என்று மெதுவாகக் கேளுங்கள்.

பேட்டியின் நடுவே கீழ்க்கண்டவற்றில் ஏதாவது வந்தால் எண்ணிடுவது, பெயர் மறைப்பது எல்லாம் இரண்டாம்பட்சம். நோயாளியிடம் “இதை இப்பவே டாக்டர்கிட்ட சொல்லணும்மா” என்று சொல்லிவிட்டு, அந்த மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீக்கம், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, ஒவ்வாமை உள்ள மருந்தைக் கொடுத்ததாகச் சந்தேகம், முழு மயக்கத்தில் விழிப்பு வந்ததாக நினைவு, அத்துமீறல் பற்றிய புகார். தொலைபேசியில் மூச்சுத்திணறல் என்று கேட்டால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை.

ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்டார்கள் என்பது போன்ற புகார்களும் வரும். எழுதி, குறைதீர்ப்பு வழியில் தனியாக அனுப்புங்கள். பாதுகாப்புக் கணக்கோடு கலந்தால் கூட்டம் முழுக்க அதைப் பற்றியே போய்விடும்.

8. பதில்களைப் பிரிப்பது

ஒவ்வொரு ‘இல்லை’யையும் மூன்றில் ஒன்றில் போடுங்கள்: செய்யவே இல்லை; செய்தார்கள், ஆனால் நோயாளிக்குச் சொல்லவில்லை; சொன்னார்கள், ஆனால் அவருக்குப் புரியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நடைமுறையை மாற்ற வேண்டும். இரண்டாவதற்குச் செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வேண்டும். மூன்றாவதற்குச் சொல்லும் விதம் மாற வேண்டும். புதியவர்கள் எல்லாவற்றையும் ‘தகவல் குறைபாடு’ என்று ஒரே தலைப்பில் குவித்து, கடைசியில் “ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம்” என்று முடித்துவிடுகிறார்கள்.

எதில் போடுவது என்று தெரிய, கேஸ் ஷீட்டை ஒப்பிடுங்கள். உதாரணமாக, குறி பற்றிய கேள்வி. நோயாளி “மார்க் போட்டாங்க, காலையில குளிச்சப்ப போயிடுச்சு” என்கிறார். கேஸ் ஷீட்டில் ‘குறியிடப்பட்டது’ என்று இருக்கிறது. இரண்டும் உண்மை. குறி, தோலைச் சுத்தம் செய்து துணி விரித்த பிறகும் தெரிய வேண்டும்; சாதாரணப் பால்பாயின்ட் பேனாவில் போட்டால் தெரியாது. இங்கே பிரச்சினை பேனாவிலும், குறியிட்ட நேரத்திலும் இருக்கிறது. பெருக்கல் குறி போட்டதாகச் சொன்னால் அதையும் எழுதுங்கள். ‘இங்கே செய்’ என்றும் ‘இங்கே வேண்டாம்’ என்றும் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பதால் அம்புக்குறிதான் நல்லது.

நோயாளி சொல்வதும் தாளில் இருப்பதும் மோதினால், உடனே ஒருவரைப் பொய்யர் ஆக்காதீர்கள். ஒவ்வாமை பற்றி யாரும் கேட்கவில்லை என்று 15 பேரில் 6 பேர் சொல்லி, 15 கேஸ் ஷீட்டிலும் ‘ஒவ்வாமை இல்லை’ என்று ஒரே கையெழுத்தில் இருந்தால், கேட்காமலே எழுதும் வழக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாகிறது.

11ஆம் கேள்வியின் பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துப் பாருங்கள். சம்மரியில் ஐந்து அபாய அறிகுறி ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். நோயாளி வாயில் ‘காய்ச்சல்’ ஒன்றுதான் வரும். எத்தனையில் எத்தனை சொன்னார் என்று எண்ணாகக் குறியுங்கள். மறுபடி அளக்க மிக எளிதான கேள்வி இதுதான்.

சதவீதத்தில் கவனம் வேண்டும். 60 பேரிடம் கேட்டு, பாதிப்பேர் ‘ஆம்’ என்றால், உண்மை நிலை 37 முதல் 63 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். 100 பேர் என்றால் தோராயமாகப் பத்துப் புள்ளி முன்பின், 200 பேர் என்றால் ஏழு. எனவே 60 பேரை வைத்துக்கொண்டு “போன மாதம் 52, இந்த மாதம் 57, முன்னேற்றம்” என்று வரைபடம் போடாதீர்கள். 20 பேருக்குக் குறைவென்றால் சதவீதமே வேண்டாம். “18 பேரில் 7 பேர்” என்று எழுதுங்கள்.

9. குழுவிடம் கொண்டுபோவது

ஒரே ஒரு ஏ4 தாள். மேலே, நன்றாக நடப்பதாக நோயாளிகள் சொன்ன ஒன்று, எண்ணோடு. நடுவில் இரண்டு பிரச்சினை, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் நோயாளியின் ஒரு வாக்கியமும். கீழே, நாளையே செய்யக்கூடிய ஒரு மாற்றம். தாளைக் கூட்டத்தில் விரிப்பதற்கு முன், சம்பந்தப்பட்ட பிரிவின் தலைமை மருத்துவரிடம் தனியாகக் காட்டிவிடுங்கள். எல்லார் முன்னாலும் முதல்முறை பார்ப்பவர் தற்காப்புக்குத்தான் போவார்.

மருத்துவர்வாரியாக மதிப்பெண் பட்டியல் போடாதீர்கள். யாரிடம் கடினமான கேஸ்கள் போகின்றன, யார் இரவு டியூட்டி பார்க்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் நோயாளியிடம் “நல்லதா சொல்லுங்க” என்று சொல்லிவைப்பார்கள்.

மாற்றம் சிறியதாகவும், யார் செய்ய வேண்டும் என்பது தெளிவாகவும் இருக்கட்டும். “நோயாளியுடன் தொடர்பை மேம்படுத்துதல்” என்று எழுதினால் அது யார் வேலையும் ஆகாது. “தியேட்டர் மேசையில் பெயரை நோயாளியே சொல்ல வேண்டும், கேட்பது மயக்க மருந்து டெக்னீஷியன்” என்று எழுதலாம். “மறுநாள் பட்டியலில் முற்பகல் 11 மணிக்குப் பிறகு உள்ளவர்களுக்கு எதுவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதை முந்தின இரவே மயக்க மருந்து மருத்துவர் நேரம் போட்டு எழுதித்தர வேண்டும், படுக்கையில் அட்டையாக மாட்டுவது இரவு சிஸ்டர்” என்று எழுதலாம். டிஸ்சார்ஜின்போது அபாய அறிகுறிகளைத் தமிழில் சொல்லி, நோயாளி வாயால் திரும்பச் சொல்ல வைப்பது இன்னொன்று; இதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும்.

10. மறுபடி அளப்பது

மாற்றம் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், அதே நேரத்தில் கேளுங்கள். இடையில் கேள்வியை ‘மெருகேற்றினால்’ பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. பன்னிரண்டையும் கேட்க வேண்டியதில்லை. மாற்றத்துக்குரிய இரண்டும், 10ஆம் கேள்வியும் போதும்.

இரண்டாம் சுற்றில் 10ஆம் கேள்விக்கு வரும் குறைகள் பெரும்பாலும் கூடும். நிர்வாகம் பதறும். கேட்கிறார்கள் என்று வார்டில் தெரிந்ததும் பேச்சு வருவது இயல்பு. எனவே அந்த எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்காமல், பெயரைத் தாமே சொன்னவர்கள் எத்தனை பேர், அபாய அறிகுறி எத்தனை சொன்னார்கள் என்ற எண்களோடு சேர்த்தே காட்டுங்கள்.

நோயாளிகளுக்கும் பதில் போக வேண்டும். வார்டு நுழைவில் ஒரு பலகை: இடப்பக்கம் “நீங்கள் சொன்னது”, வலப்பக்கம் “நாங்கள் மாற்றியது”, தேதியோடு, பெரிய எழுத்தில், தமிழில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொலைபேசியில் பேசும்போதும், அவர் சொன்ன விஷயத்தில் ஏதாவது நடந்திருந்தால் ஒரு வரி சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால், ஏன் என்பதையும் சொல்லுங்கள்.